சீல் வைத்த காளை

கூட்டுப்பண்ணையைக் கலைக்கத் தலைநகர் சோபியாவிலிருந்து அஸ்பாரு என்ற இளைஞர் வந்து இறங்கிய மறுநாளே எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அரக்கு சீல் விழுந்தது. டிராக்டர், விதைக் கிடங்கு, கடைசியில் பொலிகாளை பால்கன் நின்ற தொழுவம். அரசாங்கத்துக்கு இனி இதிலெல்லாம் வேலையில்லை, சந்தையே பார்த்துக்கொள்ளும் என்றார். காளைக்காரரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சனிக்கிழமை ஏலம். கசாப்புக்காரர் இவான்சோ இப்போதே பால்கனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

வியாழன் காலை பென்காவின் பசு காளைக்குக் கத்த ஆரம்பித்தது. அந்த ஒற்றைப் பசுவின் தயிரை விற்றுத்தான் அவள் பிழைப்பு. இன்று விட்டால் மறுபடி கத்த மூன்று வாரம் ஆகும்; அதற்குள் பால்கன் தொத்திறைச்சியாகித் தொங்கும். சுற்று வட்டாரத்தில் வேறு காளையும் இல்லை.

பசுவை இழுத்துக்கொண்டு தொழுவத்து வாசலில் போய் நின்றாள். அஸ்பாரு அங்கே ஏலப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"தோழரே... அட, இப்ப ஐயான்னு சொல்லணுமாமே. ஐயா, கதவைத் திறங்க."

"அரசாங்கம் இதுல தலையிடக் கூடாதும்மா."

"என் மாடு அரசாங்கத்தையா கூப்பிடுது? திறந்துவிட்டுட்டு நீங்க ஒதுங்கிக்கோங்க."

ஒதுங்குவதுதான் அவர் கொள்கையும். சீலை உடைத்தார், ஒதுங்கினார்.

பால்கன் வெளியே வந்தது. பசுவைத் திரும்பியும் பார்க்கவில்லை. காளைக்காரர் போன நாளிலிருந்து அதற்குச் சரியான தீனி இல்லை. நேராக மேயரின் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் புகுந்தது. கடை வாசலில் ரக்கியா சாராயம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"சந்தை வந்து பிடிக்குமாய்யா, இல்ல நாமதான் ஓடணுமா?" என்றாள் பென்கா.

அஸ்பாரு கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார், காளை அசையவில்லை. விட்டார், அடுத்த பாத்திக்கு ஓடியது. கடைசியில் ஒரு கையில் முட்டைக்கோஸை நீட்டி, மறு கையில் கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி பின்னோக்கி நடந்தார். பூனைக்குட்டி மாதிரி பசு நின்ற இடம்வரை வந்தது. பசுவின் கத்தலும் ஓய்ந்தது.

சாயங்காலத்துக்குள் சேதி பரவி, தொழுவத்து வாசலில் மேலும் நாலு பசுக்கள்.

சனிக்கிழமை இவான்சோ பணத்தோடு வந்தார். ஏலப் பொருள்களில் காளை இல்லை.

"இதெல்லாம் அரசாங்க வேலையில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. தீனி ஊர்க்காரங்க போடுவாங்க, மாட்டை அவங்களே கொண்டு வருவாங்க," என்றார் அஸ்பாரு, முட்டைக்கோஸ் இலையைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டபடி. "கயித்தை மட்டும் நான் பிடிச்சுக்கறேன்."

மேயர்தான் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.