பம்பு சூடாகும்வரை

யூசுஃபின் லாரிக்குக் காலையில் ஒரு குறையும் இருக்காது. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு எங்காவது நிறுத்தினால்தான் தொல்லை. செல்ஃப் மோட்டார் சுற்றும், என்ஜின் பிடிக்காது. ஃபில்டரை மாற்றியாயிற்று. டீசல் லைனில் அடைத்த காற்றையும் வெளியேற்றிப் பார்த்தான். பேட்டரி புதிது.

மெக்கானிக் ஜோஷுவா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"டீசல் பம்புலதான் சந்தேகம் பாய். உள்ள தேஞ்சிருந்தா, சூட்டுல டீசல் இளகி அந்த இடுக்குல கசிஞ்சிடும். பிரஷர் ஏறாது. நல்லா சூடாக்கி நிறுத்துங்க. ஸ்டார்ட் ஆகலைன்னா பம்பு மேல ஈரத்துணி போட்டு ஆறவிடுங்க. அப்புறம் பிடிச்சா பம்புதான். கூட யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை யூசுஃபின் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் கூட வந்தாள். அவள் லாரியில் ஏறிப் பதினாறு வருஷமாகிவிட்டது. யூசுஃப் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"அப்பல்லாம் ஒரே தாவுல ஏறுவே புள்ள."

"அப்ப முட்டி நல்லா இருந்துச்சு மச்சான்."

அவர்கள் குடியிருக்கும் ஹடப்சரிலிருந்து கிளம்பி மகர்பட்டா, முண்ட்வா வழியாகக் கராடிக்குப் போனார்கள். கல்யாணமாகி அய்யம்பேட்டையிலிருந்து இந்த வடநாட்டு நகரத்துக்கு வந்த புதிதில், வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை ஏழு மாதம் இந்தக் கேபினில்தான் குடித்தனம். கராடியில் அப்போது எங்கு பார்த்தாலும் அஸ்திவாரக் குழிகள். யூசுஃப் செங்கல் ஏற்றி வருவான். சாயங்காலம் லோடிலிருந்து மூன்று கல்லை எடுத்து ஜன்னத்து அடுப்பு கூட்டுவாள். காலையில் கரி பிடித்த அந்த மூன்றையும் மற்ற கல்லோடு சேர்த்தே இறக்கிவிடுவான்.

கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் எதிரே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினான். செல்ஃப் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வாசலிலிருந்த காவலாளி வண்டியை எடுக்கச் சொல்லி ஓடி வந்தான்.

"சாச்சா, காடி ஹடாவோ!"

"பாஞ்ச் மினிட், பாய்" என்று ஐந்து நிமிஷம் கெஞ்சிக் கேட்டுவிட்டு யூசுஃப் பானட்டைத் தூக்கினான். ஜன்னத்து துண்டை நனைத்துப் பம்பின் மேல் போர்த்தினாள். ஆவி எழுந்தது. துண்டு காயக் காய பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். காத்திருக்கும்போது அண்ணாந்து கட்டடங்களைப் பார்த்தாள்.

"நம்ம அடுப்புக்கல்லு எந்தச் சுவத்துல இருக்கோ."

யூசுஃப் பம்பைத் தொட்டுப் பார்த்தான்; ஆறியிருந்தது. அவன் ஏறிச் சாவியைத் திருப்பினான். இரண்டாவது சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. அவன் கத்திச் சிரித்தான்.

"பம்பு போனதுக்கா இம்புட்டு சந்தோஷம்?"

"கண்டுபிடிச்சிட்டோம்ல!"

இனி அணைக்கப் பயம். விமான் நகரில் என்ஜின் ஓட ஓடவே இறங்கிப் போய் வடா பாவ் வாங்கி வந்தான். ஜன்னத்து ஒரு கடி கடித்துவிட்டு, "மொத தடவ இதத் தின்னப்போ உறைப்பு தாங்காம அழுதேன். நீங்க ஊரு ஞாபகம்னு நெனச்சுக்கிட்டு ராவெல்லாம் சமாதானம் சொன்னீங்க" என்றாள். அப்படி ஒன்று நடந்ததே அவனுக்கு நினைவில்லை.

மத்தியானம் ஜோஷுவா பம்பைக் கழற்றி வைத்துக்கொண்டான். இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். வழியெல்லாம் ஜன்னத்து அந்த ஏழு மாதத்தைப் பற்றியே பேசினாள். அவன் மறந்துபோயிருந்த பாதியை அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தான்.