எல்லாம் ஒரிஜினல்

காலை ஏழரை மணிக்கு ஷெட்டைத் திறந்தபோது காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். ஊரார் கண்களைச் சோதித்தே இருபத்தாறு வருடம் பிழைத்தவர் அவர். பார்க்க விரும்பாததைப் பார்க்காமல் விடுவதிலும் அவருக்கு அதே அளவு அனுபவம் உண்டு. பழைய துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால், பொத்தானை யாரோ திரும்பத் தைத்து வைத்திருந்தார்கள்.

"என்னங்க துடைக்கிறீங்க?" ஷெட் வாசலில் மனைவி நின்றாள்.

"தண்ணி."

"இதுக்குள்ள ஏது தண்ணி?"

"கார் கழுவினேன்ல."

"நேத்துல்ல கழுவினீங்க." அவள் தையல் மெஷின்களுக்காக அந்த ஷெட்டை ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள். இன்று கார் போய்விடும் என்ற சந்தோஷத்தில் மேற்கொண்டு விசாரிக்காமல் போய்விட்டாள்.

அவர் விரலில் ஒட்டியிருந்ததை முகர்ந்து பார்த்தார். பிரேக் ஆயில்.

இரண்டு வருடத்துக்கு முன்பே மெக்கானிக் நட்டு சொல்லியிருந்தான். சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸை விரலால் வளைத்து, வெடிப்புகளைக் காட்டினான். "சார், இது போச்சுன்னா நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் போச்சு. பழைய வண்டி, எல்லாத்துக்கும் ஒரே லைன்தான்."

"மாத்தினா ஒரிஜினல் போயிடுமேப்பா."

"ஒரிஜினல் இருக்கும் சார். நீங்க போயிடுவீங்க."

அதற்குப் பிறகு நட்டுவை அவர் கூப்பிடவில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே வருடம், ஒரே தொழிற்சாலை, ஒரே சிவப்பு நிறத்தில் வந்த இரண்டு கார்களில் ஒன்று வீட்டு விலைக்குப் போகும், இன்னொன்று காயலான் கடைக்குப் போகும். நடுவில் இருப்பது பராமரிப்பு. கதவுக்குக் கீழே துரு இருந்தால் விலையில் கால்வாசி கரையும். துருவின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தது தெரிந்தால் பாதி கரையும். சர்வீஸ் புக் இல்லாவிட்டால் மீதியும் கரையும். பாகங்கள் கம்பெனி போட்டதாகவே இருந்தால் விலை ஏறும். அவற்றை ஒழுங்காக மாற்றி வந்ததற்கு ஆதாரம் இருந்தாலும் விலை ஏறும். ஒரே பாகத்துக்கு இரண்டும் எப்படி என்று கேட்கக் கூடாது. கேட்டால் சங்கத்தில் சேர்க்கமாட்டார்கள்.

சங்கம் என்றால் பழைய கார் பிரியர்கள் சங்கம். அதன் தலைவர் கண்ணாடிக்கடைக்காரருடைய மனைவியின் அண்ணன். வெயில் கொளுத்தினாலும் நீலக் கோட்டும் அதில் சங்கத்தின் பித்தளை முத்திரையும் இல்லாமல் தெருவில் இறங்காதவர். அவருடைய கார் போன வருடம் 'முதல் தரம்' சான்றிதழ் வாங்கியது. அதிலிருந்து கண்ணாடிக்கடைக்காரருக்குத் தூக்கம் சரியில்லை. மச்சான் காருக்குச் சொன்ன மதிப்பைவிடத் தன் கார் ஒரு ரூபாயாவது கூடப் போக வேண்டும். வாழ்க்கையில் அவர் வேறு எதையும் இவ்வளவு சுத்தமாக ஆசைப்பட்டதில்லை.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் சொல்லச் சொல்ல, பதினோரு வருட சர்வீஸ் புக்கையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தார். 'பிரேக் ஹோஸ் நான்கும் மாற்றப்பட்டன' என்று ஒரு வரி. புத்தகம் பழசாகத் தெரிய, பக்கத்துக்கு ஒன்றாக டீக் கறை. விளம்பரத்தில் மட்டும் மறக்காமல் போட்டார்: எல்லாம் ஒரிஜினல்.

வாங்க வந்தவர் பல் டாக்டர். ஒல்லியான அம்மா, மெதுவான குரல். கைப்பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும், துணி சுற்றிய ஒரு காந்தத்தையும் எடுத்தார். கண்ணாடிக்கடைக்காரருக்கு வாய் தானாக மூடிக்கொண்டது.

காந்தம் கதவின் மேல் ஊர்ந்தது. ஒட்டியது, ஒட்டியது, சக்கர வளைவுக்கு மேலே ஓரிடத்தில் வழுக்கி விழுந்தது.

"இங்க பட்டி பார்த்திருக்கு," என்றார் டாக்டர், வலிக்குமா என்று கேட்கும் அதே குரலில்.

"அது கம்பெனியே பூசினதும்மா," என்றார் பக்கத்தில் நின்ற சங்கத் தலைவர். "அந்தக் காலத்துல அப்படித்தான்."

டாக்டர் சர்வீஸ் புக்கைப் புரட்டினார். "பதினோரு வருஷமும் ஒரே கப்லதான் டீ குடிச்சீங்களா சார்?"

"ராசியான கப்புங்க."

"அப்ப இந்த பிரேக் ஹோஸ். மாத்தினதா, ஒரிஜினலா? புக்குல ஒண்ணு இருக்கு, விளம்பரத்துல ஒண்ணு இருக்கு."

கண்ணாடிக்கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். தலைவர் முத்திரையைத் தடவினார். "ஒரிஜினலா மாத்தினதும்மா."

டாக்டர் அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தார். "சரி, ஓட்டிப் பார்த்துடறேன். யாராவது கூட வர்றீங்களா?"

இரண்டே சீட். கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி இடது பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நான் போறேன். வாங்கின அன்னைக்கு ஒரு தடவை உக்காந்தது. அப்புறம் சீட் அழுக்காகும்னு ஏத்தவே இல்ல இவரு."

வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. தெரு அரை கிலோமீட்டர் இறக்கம். கீழே லாரிகள் ஓடும் பெரிய ரோடு. திரும்பி வர வேண்டுமென்றால் அதன் ஓரம் வரை போயாக வேண்டும்.

'நில்லுங்க' என்று ஐந்து எழுத்து. அதைச் சொன்னால் டாக்டர் முன்னால் சர்வீஸ் புக் பொய்யாகும், மச்சான் முன்னால் கார் மூன்றாம் தரமாகும். வார்த்தை தொண்டை வரை வந்து, அங்கே நின்று விலையைக் கணக்குப் பார்த்தது. அதற்குள் எஞ்சின் உறுமியது. மனைவி கையாட்டினாள். முதல் வளைவில் சிவப்பு மறைந்தது.

கார் நின்ற இடத்தில் தரையில் பொத்தான்கள் ஒரு வரிசையாகப் போயிருந்தன.

அவர் போனை எடுத்து மனைவிக்கு அடித்தார். வீட்டுக்குள் மேஜைமேல் மணி அடித்தது.

"மச்சான், உங்க வண்டிச் சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

தலைவர் பக்கத்துத் தெருவிலிருந்து தன் முதல் தரத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். இப்போது அதைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அது ஓடாது மாப்பிள. நாலு பேரை வெச்சுத் தள்ளித்தான் கொண்டு வந்தேன். ஓட்டினா மதிப்பு குறைஞ்சிடும்ல."

கண்ணாடிக்கடைக்காரர் ஓடினார். செருப்பு ஒன்று முதல் வளைவில் போயிற்று, இன்னொன்றை அவரே உதறினார். கீழே லாரி ஒன்று நீளமாக ஹார்ன் அடித்தது. அது அடித்து முடியும்வரை அவருக்கு மூச்சு இல்லை. பிறகு சத்தம் ஏதாவது வருமா என்று காதை வைத்துக்கொண்டே ஓடினார். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததும் பயமாக இருந்தது. எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று மனம் தேடியது. டாக்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்காமல் விட்டோமே என்று நினைத்தது. மனைவி எந்தப் புடவை கட்டியிருந்தாள் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது வளைவைத் தாண்டியதும் கார் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. ஓட்டியது அவருடைய மனைவி. துணி டெலிவரிக்கு வேன் ஓட்டிப் பழகியவள், டாக்டர் கொடுக்க, ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவை.

அவர் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

அவள் பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. மறுபடி மிதித்தாள். சிரிப்பு அவள் முகத்திலேயே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் காணாமல் போனாள். ஒதுங்க நேரம் இருந்தது. கால்கள் ஒதுங்கவில்லை. ஏற்றத்தில் வேகம் செத்து வந்த கார் அவருடைய முழங்காலைத் தொட்டு, அவரை பானட்டின் மேல் குப்புறக் கிடத்தி, ஒரு கணம் நின்றது.

பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது.

"பெடல் கீழ போயிடுச்சு," என்றாள் மனைவி. கத்தக்கூட இல்லை. டாக்டர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது முழுசாகக் கையோடு வந்தது, கார் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் வைப்பரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ஒரு சாண் தூரத்தில் மனைவியின் கண்களைப் பார்த்தார். கீழே இன்னொரு லாரி போயிற்று.

"கியர்ல போடுங்க. ஒண்ணுல. கிளட்ச விடுங்க, சாவியத் திருப்பி எஞ்சின அணைங்க," என்றார் டாக்டர்.

கார் ஒரு முறை விக்கியது. நின்றது.

பிறகு டாக்டர் இறங்கி ஒரு கல்லைத் தேடிச் சக்கரத்துக்கு அணை கொடுத்தார். மண்டியிட்டுக் குட்டிக் கண்ணாடியை உள்ளே நீட்டினார். முன்சக்கரத்தின் உட்புறம் முழுக்க நனைந்திருந்தது.

"மாத்தினதா, ஒரிஜினலா?"

"ஒரிஜினல்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். பானட்டில் அவருடைய வயிற்றின் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

தலைவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், கோட்டை இடுக்கிக்கொண்டு. "இது சின்ன விஷயம்தாம்மா. ஒரு ஹோஸ்தானே. மத்தபடி முதல்..."

"அண்ணே, வாய மூடு," என்றாள் தங்கை.

"மூணாம் தரத்து விலைன்னா எடுத்துக்கறேன்," என்றார் டாக்டர், கைகளைத் துடைத்தபடி. "ஓட்டிட்டுப் போகமாட்டேன். வண்டிய ஏத்திட்டுப் போக லாரி அனுப்பறேன்."

கண்ணாடிக்கடைக்காரர் தலையாட்டினார். விலை அவர் காதில் விழவே இல்லை. மனைவி இன்னும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து, குனிந்து, சக்கரத்திலிருந்து வழிந்ததை ஒரு விரலில் தொட்டாள். முகர்ந்தாள். விரலை அவருடைய மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"காலையில துடைச்சீங்களே," என்றாள். "இதானே அது?"

கீழே பெரிய ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அன்று காலையிலிருந்து அவர் பயந்ததெல்லாம் வேறு எதற்கோ, இந்தக் கேள்விக்கு அல்ல என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. 'தண்ணி' என்று சொல்லத்தான் வாய் போயிற்று. அவளுடைய விரல் அங்கேயே நின்றது.