இறக்கத்தில் அத்தானின் கால்

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. சண்டை காரின் முன் சீட்டுகளில் நடந்தது. நான் பின் சீட்டில் இருந்தேன். எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைப்பாதையில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த'

அடித்துவிட்டேன். பனியே இல்லை. சுள்ளென்ற வெயில்.

அடுத்து: 'இந்தக் கால ஆட்டோமேட்டிக் கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்த ஓர் ஏற்பாடு உண்டு.' கார் விற்கிறவன் பேச்சு. ஆனால் உண்மை. இருக்கட்டும்.

வண்டி நல்ல வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். பழைய வண்டி என்றால் இன்ஜின் சக்கரங்களைப் பிடித்து இழுக்கும், வேகம் குறையும். இந்த வண்டியோ இன்ஜினைச் சக்கரங்களிலிருந்து தானே கழற்றிவிடுகிறது. இன்ஜின் பெட்ரோலைக் கொஞ்சமாகக் குடித்தபடி சும்மா முனகும். வண்டி, பெடல் போடாத சைக்கிள் மாதிரி, வந்த வேகத்தில் உருண்டு போகும். பிரேக்கைத் தொட்டால் இன்ஜின் மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும்.

(வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டு சோபாவில் கிடக்கிற ஒருவன் இதை எழுதினால் என்ன உவமை வரும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எழுத மாட்டேன்.)

2

அக்காவின் வலது கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிகிறது. மாதாமாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். தவறவிட்டால் பார்வை போகும், போனது திரும்பாது. மருத்துவமனை மலைக்கு அந்தப் பக்கம். அந்தப் பாதையில் பஸ் கிடையாது. எனக்கு ஓட்டத் தெரியாது. ராத்திரி வேலை பார்த்து, ஊர் விழித்திருந்த நேரமெல்லாம் தூங்கியவன் நான். ஆக, அத்தான்தான்.

அத்தான் முன்பு லாரி ஓட்டியவர். டீசலை மிச்சம்பிடிக்க இறக்கத்தில் கியரைக் கழற்றி நியூட்ரலில் விடச் சொன்ன முதலாளியிடம் இருந்தவர். ஒருநாள் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், மலைச்சுவரில் உரசி உரசி லாரியை நிறுத்தியிருக்கிறார்.

(இவ்வளவு பொருத்தமான கடந்தகாலம் கதைகளில்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறீர்கள். நானும்தான். ஆனால் அவர் தோளில் தழும்பு இருக்கிறது. நான் என்ன செய்ய?)

3

புது வண்டியில் மலைக்கு முதல் பயணம். உச்சியைத் தாண்டியதும் அத்தான் காலை எடுத்தார். இன்ஜின் சத்தம் அடங்கியது. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் சரேலென்று கீழே விழுந்தது.

"கியர் கழண்டுடுச்சு!"

"கழலலங்க. இந்த வண்டி அப்படித்தானாம்" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியாத நியூட்ரலா? சும்மா இரு."

ஓரம் கட்டினார். சரிவு குறைந்த வீட்டுப் பக்கமாக வண்டியைத் திருப்பினார்.

"ஊசி?" என்றாள் அக்கா.

"உயிரோட இருந்தாத்தானே ஊசி."

"கண்ணு என்னோடது, பயம் உங்களோடது. எதை விடலாம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?"

அக்கா போனில் கெஞ்சி ஊசியை மறுநாளுக்கு மாற்றி வாங்கினாள். அதையும் விட்டால் அடுத்து எப்போது என்று சொல்ல முடியாதாம்.

4

அன்று மதியம் சர்வீஸ் சென்டர். மெக்கானிக் பெண் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தாள்.

"ஒண்ணும் கெடலண்ணே. பெட்ரோல் மிச்சம் பண்ணத்தான் இது."

"எங்க முதலாளியும் இதையேதான் சொன்னான்."

"உங்க லாரி கழட்டி விட்டா விட்டதுதான். இது பாத்துக்கிட்டே இருக்கும். ரொம்பச் சரிவுன்னா கழட்டவே கழட்டாது. லேசா பிரேக்கைத் தொட்டாப் போதும், இன்ஜின் ஓடி வந்து பிடிச்சுக்கும்."

கியரை நாமே மாற்றுகிற மேனுவலில் போட்டால் இந்த ஏற்பாடே வேலை செய்யாது என்றும் சொன்னாள். அதை அத்தான் காதில் வாங்கவில்லை. 'பிரேக்கைத் தொட்டாப் போதும்' என்ற இடத்திலேயே அவர் மனசு உட்கார்ந்துவிட்டது.

5

மறுநாள் காலை. உச்சியைத் தாண்டினோம். முள் விழவில்லை. அத்தான் ஏதோ பாட்டைக்கூட முனகினார். பாதி இறக்கத்தில் அக்கா மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க, என்னமோ கருகுது."

"வெளியிலேருந்து வருது."

"டேய், உனக்கு வருதா?"

எட்டிப் பார்த்தேன். அத்தானின் கால் பிரேக் மேல் இருந்தது. உச்சியிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. இன்ஜின் கழன்றுவிடக் கூடாதென்று பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறார். பிரேக் சூடாகிவிடுமோ என்ற பயத்தில் பிரேக்கைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

"காலை எடுங்க அத்தான்."

"எடுத்தா கழண்டுக்கும் மாப்ள."

"எடுக்கலன்னா எரிஞ்சுடும் அத்தான்."

அகலமான இடம் பார்த்து நிறுத்தினார். சக்கரத்திலிருந்து அனல் வந்தது. ஆறும்வரை நிற்க வேண்டும். அக்கா மணி பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"கண்ணே போனாலும் இந்தக் கூத்தை மறக்க மாட்டேங்க."

அத்தான் சிரிக்கவில்லை. "என்னால முடியலம்மா" என்றார்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "முடியாமத்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தீங்களா?"

6

வண்டி ஆறியது. மீதி இறக்கத்துக்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: அத்தான் மேனுவலில் போட்டு, இன்ஜின் உறும உறும, பின்னால் வந்தவர்களிடம் திட்டு வாங்கியபடி இறங்கினார்.

இரண்டு: காலை எடுத்தார். இன்ஜின் ஒதுங்கிக்கொண்டது. வண்டியை உருள விட்டார். பயத்தை வென்ற மனிதர். பலருக்குப் பிடிக்கும். எனக்கு எரிச்சல்.

மூன்று: 'ஒற்றைக் கண்ணோடு அக்கா ஓட்டுநர் சீட்டில் ஏறி' — சே.

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். "எழுதறதுன்னா எழுது மாப்ள. கடைசியில எப்படி இறக்கினேன்னு மட்டும் போடாத" என்றார் அத்தான். நான் பெட்டியோடு வந்து நின்ற நாளில் ஏன் வந்தாய் என்று கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்த மனுஷன். நன்றி என்று வாயால் சொன்னால் இருவருக்குமே கூச்சம். அவர் கேட்டதைச் செய்கிறேன், அவ்வளவுதான். பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அக்காவின் கண்ணை உங்கள் இஷ்டத்துக்கு விட மாட்டேன். ஊசி போட்டாயிற்று. கட்டுப் போட்ட கண்ணோடு அவள் வெளியே வந்தபோது அத்தான் வாசலிலேயே நின்றிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"படி இருக்கு, பாத்து."

"இன்னொரு கண்ணு நல்லாத்தாங்க இருக்கு."

"இருக்கட்டும்" என்றார். கையை விடவில்லை.