தலைவர் வீட்டுக்காரரின் குறை

மனைவி நகராட்சித் தலைவர் ஆகும்வரை அவரை ஊரில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மணிக்கூண்டுச் சதுக்கத்தில், மச்சினனின் பேக்கரிக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கும் நடுவே அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. அவள் பதவியேற்ற மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில், "தலைவர் வீட்டுக்காரர் வந்திருக்கார், வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அன்றோடு கண்ணாடிக்காரர் காணாமல் போனார். அதில் அவருக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. பெருமை என்றும் சொல்ல முடியாது. புதுச் செருப்புப் போட்டுக்கொண்டதைப் போல, நடக்கும்போதெல்லாம் எங்கேயோ கடித்துக்கொண்டிருந்தது.

சதுக்கம் அப்போதே அரை உயிராகத்தான் கிடந்தது. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்ததும் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டன. நகராட்சி அலுவலகமே அங்கே புதுக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. மிச்சமிருந்தவர்கள் ஷட்டரைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டினார்கள். "சதுக்கத்துக்கு மறுபடியும் ஆள் வரவைப்பேன்" என்று சொல்லித்தான் அவள் தேர்தலில் நின்று ஜெயித்தாள். சொன்னபடி வேலையும் தொடங்கினாள். தாரைப் பெயர்த்துவிட்டுக் கல் பதித்தார்கள். வண்டி உள்ளே வராதபடி நான்கு பக்கமும் இரும்புத் தூண் நட்டார்கள். பெஞ்சு போட்டார்கள். ஆள் உயரச் சிமெண்ட் தொட்டிகளில் செடி வைத்தார்கள். "இனிமே மக்கள் நிம்மதியா நடக்கலாம்" என்றார் நகராட்சிப் பொறியாளர்.

நிம்மதிக்குக் குறைவில்லை. நடக்கத்தான் ஆள் இல்லை. முன்பாவது வழி தெரியாமல் வந்த வண்டிகள் நின்று விலாசம் கேட்கும். கேட்ட கையோடு பேக்கரியில் ஒரு பன்னாவது வாங்கும். இப்போது தப்பித்தவறிக்கூட யாரும் வரவில்லை. பெஞ்சுகளில் புறாக்கள் உட்கார்ந்து ஊரை மேற்பார்வை பார்த்தன.

எல்லாரையும்விட அடி வாங்கியது கண்ணாடிக் கடை. பேக்கரிக்கு வருகிறவனுக்கு வாய் இருந்தால் போதும். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்குக் கண் சரியில்லை, அதனால்தான் வருகிறார்கள். ஒரு முதியவர் தூண் வரைக்கும் ஆட்டோவில் வந்து இறங்கி, தட்டுத்தடுமாறி நடந்து, செடித் தொட்டியில் முட்டி, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, அப்படியே தூங்கிவிட்டு, எழுந்ததும் எதற்கு வந்தோம் என்பதை மறந்து வீட்டுக்குத் திரும்பிப் போனார். அவர் வந்ததையும் போனதையும் கடைக்காரர் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, அந்தத் தூண் விஷயம்..."

அவள் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, மறு காதால் கேட்டாள். போனை நெஞ்சோடு அழுத்திப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"இங்க பாருங்க. கடை விஷயம்னா ஆபீஸ்ல வந்து சொல்லுங்க. வீட்டுல வச்சுப் பேசி நான் ஏதாவது செஞ்சேன்னு வைங்க, புருஷனுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு பேசுவாங்க."

"அப்ப வீட்டுல என்னதான் பேசறது?"

அவள் அதற்குள் போனுக்குத் திரும்பிவிட்டாள். ஒரு தெருவிளக்கு எரியவில்லையாம். அந்தத் தெருவிளக்குக்குக் கிடைத்த ஆறுதலில் பாதி தனக்குக் கிடைத்திருந்தால் போதும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆபீஸில்தானே சொல்லவேண்டும், சொல்லிவிட்டால் போயிற்று என்று, அந்த வாரக் குறைதீர் கூட்டத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். புதுக் கட்டடத்தின் கூடத்தில் வழக்கம்போல ஏழெட்டுப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர் வரிசையில் போய் உட்கார்ந்ததும் கொட்டாவி நின்றது. அவர் முறை வந்தபோது மேடையில் இருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் முகத்தில் மனைவி தெரிந்தாள். உடனே தலைவர் வந்துவிட்டாள்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடை."

"சொல்லுங்க, உங்க குறை என்ன?"

"தலைவர் அவர்களே, என் கடைக்கு வர்றவங்க கண்ணு தெரியாதவங்க. அவங்களை எங்கேயோ இறக்கிவிட்டு நடந்து போன்னு சொன்னா எப்படிங்க வந்து சேருவாங்க?"

"எந்தப் பக்கமா நடக்கணும்னு பெரிய பலகை வச்சிருக்கோமே. பார்க்கலியா?"

"பார்த்தேங்க. ஆனா அதைப் படிக்கறதுக்கு மொதல்ல என் கடைக்கு வந்து கண்ணாடி வாங்கணுங்களே."

கூடம் வெடித்தது. கடைசி வரிசையில் இருந்த ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். அவளுடைய உதட்டோரமும் லேசாக ஆடியது, அதை அடக்கிக்கொண்டாள்.

"உங்க கடைப் பலகையிலேயே பாதி எழுத்து உதிர்ந்து கிடக்கு. 'கண்' மட்டும்தான் மிச்சம் இருக்கு. அதை மொதல்ல மாத்துங்க. வீட்டு கேட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போடச் சொல்லி எத்தனை நாளா..."

"தலைவர் அவர்களே, அது வீட்டு விஷயம். வீட்டுல பேசுங்க."

பொறியாளர் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்தார், நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

சேதி ஊருக்குள் எப்படிப் பரவியது என்று சொல்லத் தேவையில்லை. பேக்கரியில் மச்சினன் இருந்தான். அடுத்த வாரம் கூடத்தில் நிற்க இடமில்லை. ஜன்னலில் தலைகள் தெரிந்தன. குறை உள்ளவர்கள் வரிசையில் நின்றார்கள். குறையே இல்லாதவர்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாரம் அவர் செடித் தொட்டியைப் பற்றிப் பேசினார். அவள் அவர் கடையைத் திறக்கும் நேரத்தைப் பற்றிப் பேசினாள். ஒருவருக்கொருவர் 'நீங்க', 'உங்க' என்று மரியாதையோடு வாரிக்கொண்டார்கள்.

அவருக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. அவள் தலைவரான பிறகு அவர் சொன்னதை முழுசாகக் கேட்டு, யோசித்துப் பதில் சொன்ன இடம் அது ஒன்றுதான். முடிவெட்டப் போனால், "அண்ணே, போன வாரம் பிச்சு உதறிட்டீங்க" என்றார்கள். கடையில் ஆளில்லாத நேரத்தில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, அதையே தலைவராக நினைத்து ஒத்திகை பார்த்தார்.

அவளும் சும்மா இருக்கிறவள் இல்லை. ஜன்னலில் தெரிந்த தலைகளை அவள் எண்ணாவிட்டாலும் பார்த்திருந்தாள். "கூடம் பத்தலே. இனிமே குறைதீர் கூட்டம் சாயங்காலம் சதுக்கத்திலேயே நடக்கும்" என்று அறிவித்தாள். மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு மைக். பெஞ்சுகளைப் புறாக்கள் காலி செய்தன. சனம் குடும்பத்தோடு வந்தது. வந்த சனத்துக்குப் பசித்தது. மச்சினன் இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்தான். ஜவுளிக்கடைக்காரர் நெடுநாளாக மூடிக்கிடந்த இரண்டாவது ஷட்டரைத் தூக்க முயன்று, அது துருப்பிடித்து மாட்டிக்கொள்ள, கூட்டமே கைகொடுத்து ஏற்றிவிட்டது. அந்தக் கையோடு நாலு பேர் உள்ளே போய்த் துண்டு வாங்கினார்கள். புறவழிச்சாலைக்குப் போயிருந்த ஒரு செருப்புக்கடை திரும்பி வந்தது.

மேஜை சதுக்கத்துக்கு வந்த சில வாரங்களிலேயே வினை வந்தது. யாரோ ஒருவர், சதுக்கத்து வேலை எப்போது முடியும் என்று கேட்டார். "கொஞ்சம் பொறுமையா இருங்க. எதையும் நான் பாதியில விடறவ இல்லே" என்றாள் அவள். கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. ஏதாவது சொல்லமாட்டாரா என்று அத்தனை முகமும் காத்திருந்தது. அவருக்கு நாக்கு நமநமத்தது.

"பாதியில விடமாட்டாங்கதான்" என்றார் மைக்கில். "எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் கட்ட ஆரம்பிச்சாங்க. வந்து பாருங்க. நாலு சுவர் இருக்கு, கூரை இல்லே. துணி நல்லா காயுது."

சதுக்கம் அதிர்ந்தது. மணிக்கூண்டுக்கே சிரிப்பு வந்திருக்கும். விசில் அடித்தார்கள். அவர் மேடைப் பாடகரைப் போலக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அவள் பதிலுக்காகத் திரும்பினார்.

அவள் தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். "காலையிலும் சாயங்காலமும் வயசானவங்களை ஏத்திட்டு வர்ற ஆட்டோவை மட்டும் உள்ளே விடலாம். நாளையிலிருந்து கண்ணாடிக் கடைப் பக்கத்துத் தூணை எடுத்துடுங்க" என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றாள்.

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாழ்த்தினார்கள். ஆனால் அவர் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். அந்த அறை ஏன் பாதியில் நின்றது என்று ஊருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். கூரைக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்துத்தான் கடைக்குக் கண் பரிசோதனை இயந்திரம் வந்தது. "கூரை எங்கேயும் ஓடிடாது, நீங்க மொதல்ல மெஷினை வாங்குங்க" என்று சொன்னது அவள்தான். மைக் அவளுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரே வார்த்தையில் அவருடைய மானத்தை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் அவள் அவரிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை, பேசவும் இல்லை. "சாப்பாடு இருக்கு" என்பாள். இருக்கும். அவர் கேட்டுக்கு எண்ணெய் போட்டார். அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. சத்தமில்லாமல் திறந்துகொண்ட கேட், அவள் எப்போது வருகிறாள் என்பதையும் சொல்லாமல் விட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மச்சினன், ஜவுளிக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தான்.

"மாமா, நாளைக்கு என்ன எடுக்கப் போறீங்க?"

"எடுக்க ஒண்ணும் இல்லேப்பா. என் குறைதான் தீர்ந்துபோச்சே."

இருவரும் சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல நின்றார்கள்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "நான் புதுச் சரக்குக்குச் சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டா நாங்க எங்க போறது?"

"பெஞ்சு உயரம் பத்தலேன்னு சொல்லுங்க மாமா. இல்லேன்னா மணிக்கூண்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முந்திப் போகுதுன்னு சொல்லுங்க. அக்காவுக்கு அதுவே போதும், பிடிச்சுக்குவாங்க."

"உன் அக்கா என்கிட்ட பேசறதே இல்லைடா."

மச்சினன் கொஞ்சம் யோசித்தான். "அதையே சொல்லுங்களேன்" என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாது. அவர் மைக்குக்கு முன்னால் போனதுமே சிரிப்பு தொடங்கிவிட்டது. வாயைத் திறக்கக்கூட இல்லை. தொண்டையைச் செருமினார். அதற்கும் சிரித்தார்கள்.

"போன வாரம் ஒரு விஷயத்தைப் பாதி சொன்னேன். மீதியைச் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். "அந்த ரூமுக்குக் கூரை இல்லாததுக்குக் காரணம் நான்தான். கூரைக்கு இருந்ததை என் கடைக்கு மெஷின் வாங்கக் கொடுத்துட்டாங்க. உங்கள்ல பாதிப் பேர் கண்ணை அதுலதான் பார்த்தேன். நீங்க இன்னைக்கு இங்க வந்து எங்களை வேடிக்கை பார்க்கறதே அந்தக் கூரையாலதான்."

யாரும் சிரிக்கவில்லை. பேக்கரியில் பன்னை நீட்டிய கை நீட்டியபடி நின்றது. எங்கோ ஒரு குழந்தை மட்டும், எல்லோரும் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று சத்தமாகக் கேட்டது.

அவள் மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

"இது குறை இல்லே" என்றாள், குரலைச் சரிப்படுத்திக்கொண்டு. "குறை இருந்தா சொல்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

"குறை..." அவர் பெஞ்சைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மச்சினன் தூரத்திலிருந்து கடிகாரத்தைச் சுட்டிச் சுட்டிக் காட்டினான். அவருக்கு ஒத்திகை பார்த்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. "வீட்டுக்கு எப்ப வர்றே?" என்று கேட்டுவிட்டார்.

'தலைவர் அவர்களே' இல்லை, 'நீங்க' இல்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி, சமையலறையில் கேட்பதைப் போல, மைக்கில்.

கூட்டம் "ஓ" என்றது. பொறியாளர் வானத்தைப் பார்த்தார். அவளுக்கு முகம் சிவந்தது. தலைவராக இருக்க எவ்வளவோ முயன்று பார்த்தாள். கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவ்வளவு பேர் இருக்காங்க, தெரியலியா? முடிச்சுட்டு வர்றேன். அப்படிப் போய் உட்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இனிமேல் வேடிக்கை இல்லை, கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அடுத்ததாக மைக்குக்கு வந்தது ஜவுளிக்கடைக்காரர். பேக்கரிக்கு வருகிறவர்கள் தன் கடை வாசலில் நின்று தின்றுவிட்டு, கையைத் தொங்கும் துணியில் துடைக்கிறார்கள் என்றார். மச்சினன் கல்லாவை விட்டு ஓடி வந்து, அந்தத் துணியில் துடைத்தால் கைதான் அழுக்காகும் என்றான். அதற்குப் பிறகு, எதிரெதிர் வீட்டில் இருக்கும் இரண்டு சம்பந்திகள் ஒரு மரக்கிளையைப் பற்றி ஆரம்பித்தார்கள். முன்வரிசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தது. ஊரில் குறைக்கா பஞ்சம்?

கூட்டம் முடிந்ததும் அவள் மேஜையை விட்டு எழுந்து நேராக அவரிடம் வந்தாள். பையை அவரிடம் கொடுத்தாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். நடந்தார்கள் என்று பேர்தான். பெஞ்சுக்குப் பெஞ்சு யாராவது எழுந்து, "அம்மா, ஒரு நிமிஷம்" என்றார்கள். ஒருவருக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒருவருக்கு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. செருப்புக்கடைக்காரர் கடைக்கு வெளியே இன்னொரு விளக்கு வேண்டும் என்றார். அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் நின்றார். முன்பெல்லாம் இந்தச் சதுக்கத்தைக் கடக்க ஒரு பாட்டு முணுமுணுக்கும் நேரம் போதும்.

"ஆள் வரணும், ஆள் வரணும்னு சொன்னியே" என்றார். "பாரு, வந்துட்டாங்க. நம்மளால நகர முடியலே."

"இதையும் அடுத்த வாரம் வந்து சொல்லுங்க" என்றாள் அவள். பிறகு, கொஞ்ச தூரம் போனதும், குரலைத் தாழ்த்தி, "காலையில வச்சதுதான் இருக்கு. சூடு பண்ணணும்" என்றாள்.

"நான் பண்றேன்" என்றார் அவர்.

வீடு போய்ச் சேர்ந்தபோது இருவருக்குமே நல்ல பசி.