கோழிக்கு நாலு சதுர அடி

என் அக்கா வீட்டை விட்டுப் போனதற்கு நான் சொன்ன ஒரே ஒரு பேச்சுதான் காரணம். "துணி வெட்டவே இடமில்ல, நீ வேற குறுக்கும் நெடுக்குமா!" பள்ளிச் சீருடை ஆர்டர் தலைக்கு மேல் கிடந்த நேரம். வாய் தவறி வந்தது என்று கதை விடமாட்டேன். என் வாய் எப்போதுமே அப்படித்தான்.

அக்கா இரண்டு பைகளில் துணியை மடித்து வைத்தாள். கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், அவள் வேலை பார்க்கும் கோழித்தீவனக் கடைக்கு எதிரே, ஓர் அறை பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா விட்டுப்போன இரண்டு அறை வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். வெட்டும் மேசையை அவள் அறைக்கு நடுவில் இழுத்துப் போட்டேன். நாலு பக்கமும் சுற்றி வந்து வெட்டலாம். வெட்டினேன். 'அந்தக் கழுத்து கோணலா இருக்குடி' என்று சொல்லத்தான் ஆளில்லை.

இரண்டு வருஷமாக போனில் ஒரே பேச்சு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். 'வந்துடு' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஊருக்கெல்லாம் நீளும் நாக்கு அதற்கு மட்டும் நீளவில்லை. அதனால் நாலு கோழி வாங்கினேன். சின்ன வயதிலிருந்து அக்கா கோழி வளர்க்கக் கேட்டதும், நாற்றம் என்று நான் தடுத்ததும் வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். கோழியைப் பார்க்கவாவது வருவாள் என்று நினைத்தேன்.

கூண்டுக்கு அளவு நானே எடுத்தேன். இருபத்தைந்து வருஷத் தையல்காரிக்கு அளவு சொல்ல ஆள் வேண்டுமா? கோழியின் மார்பைச் சுற்றி டேப் போட்டேன், தலையிலிருந்து வால் வரை பிடித்தேன், லூசுக்கு இரண்டு அங்குலம் விட்டேன், நாலால் பெருக்கினேன். அளவுச் சீட்டைப் பார்த்த தச்சர், "இது கோழி நிக்கிறதுக்கா, இல்ல அடுக்கி வைக்கிறதுக்கா?" என்றார். "நீங்க உளியைப் பாருங்க" என்றேன்.

பத்தாம் நாள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. சாம்பல் நிறக் கோழியின் முதுகில் இறகே இல்லை. தோலெல்லாம் ரத்தப் புள்ளிகள். அக்காவுக்குப் போன் போட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள்.

கூண்டைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "என்னடி இது, கோழிக்கு ஜாக்கெட் தச்சு வச்சிருக்க?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"உள்ள ஒண்ணுக்கு நாலு சதுர அடி வேணும். வெளிய மேய பத்து. ஏறி உக்காரக் கம்புல ஆளுக்கு ஒரு சாண். நெருக்கி வச்சா கொத்தத்தான் செய்யும். கோழி மேல தப்பில்ல." கோழியைப் பார்த்துதான் சொன்னாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தச்சர் மறுபடி வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாலுக்கு நாலடியில் கூண்டு அடித்தார். துவைக்கிற கல் வரை வேலி போட்டார். காயம்பட்ட கோழிக்கு ஒரு மூலையைக் கம்பிவலையால் தடுத்தார். "கொத்து பட்டத உடனே கூட்டத்துல விடாத. வலைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துப் பழகட்டும். இறகு முளைச்சதும் வலையை எடு" என்றாள் அக்கா. மருந்து போட ஞாயிறுதோறும் வருவதாகவும் சொன்னாள்.

பொழுது சாய்ந்தது. அத்தனை இடம் கிடந்தும் மூன்று கோழிகளும் கம்பின் ஒரு ஓரத்தில், வலையை ஒட்டி உட்கார்ந்தன. வலைக்கு அந்தப் பக்கம், அதே இடத்தில், சாம்பல் கோழி. அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பஸ் வந்துவிட்டது.

அப்புறம் எனக்கு வாரத்துக்கு ஒரே நாள்தான். திங்களிலிருந்தே ஞாயிறை எண்ணுவேன். ஏழாவது ஞாயிறு அவள் சாம்பல் கோழியைத் தூக்கி, முதுகை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"இறகு முளைச்சு ரெண்டு வாரம் இருக்குமே. ஏன்டி இன்னும் வலையை எடுக்கல?"

பொய்க்கா பஞ்சம்? ஆனால் அன்றைக்கு உண்மைதான் வந்தது. "எடுத்தா நீ வரமாட்டியே."

அவள் கோழியை மெல்லக் கீழே விட்டாள். "இத அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? உனக்கா வாயில்ல?"

"உன்னைத் துரத்துனதும் இதே வாய்தானேக்கா. அதான் பயமா இருந்துச்சு."

அக்கா குறடை எடுத்து வலையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சாம்பல் கோழி உள்ளே போனது. சிவப்புக் கோழி வந்து ஒரு கொத்து கொத்தியது. நான் பாய்ந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு கொத்து இருக்கத்தான் செய்யும். இடம் இருந்தா நகர்ந்துக்கும், விடு." சாம்பல் கோழி இரண்டடி நகர்ந்து நின்று தீவனம் பொறுக்கியது.

தெருமுனையில் பஸ் வந்து நின்று, போனது. அக்கா அவசரப்படவில்லை. கை கழுவிக்கொண்டு தன் பழைய அறை வாசலில் போய் நின்றாள்.

"நான் வந்தா இந்த மேசையை எங்கடி போடுவ?"

"கோழிக்கூண்டுல போட்டுக்கறேன்" என்றேன். "அங்கதான் நிறைய இடம் இருக்கு."