சாப்பாட்டு நேரத்தில் மேரி எந்தப் பக்கம்?

1

"மிஸ், காலைல எங்கம்மா தொழிலாளி, மத்தியானம் சூப்பர்வைசர்னா, நடுவுல சாப்புடற நேரத்துல எங்கம்மா யாரு? எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவள் ஷைனி, நான்காம் வகுப்புப் படிக்கிறவள். ஆம்பூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பிறகு நான் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் ஆன்மாக்கள் காத்திருக்கும் இடம் ஒன்று உண்டு என்று விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கையைத் தூக்கினாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பதில் தெரியாத ஆசிரியர்கள் சொல்வதையே நானும் சொன்னேன்: "அத அடுத்த வாரம் பாப்போம்மா."*

* அடுத்த வாரமும் பார்க்கவில்லை. அந்தக் குறையைத்தான் இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லாத அந்தக் கோடையில், ஆரோக்கியமேரி என்னும்—"

அடித்துவிட்டேன். மேரி பாலாற்றைப் பார்ப்பதே இல்லை. கம்பெனி வேன் பாலத்தைத் தாண்டும்போது அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது தொடக்கம்: "உழைப்பவர்கள் இரண்டாகப் பிரியும் தருணம் எதுவென்றால்—"

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் கட்டுரை ஆகிவிடும். அதில் மேரி ஓர் உதாரணமாக வந்து, வேலை முடிந்ததும் போய்விடுவாள்.

மூன்றாவதாக, சாதாரணமாகச் சொல்கிறேன். மேரி ஷைனியின் அம்மா. நெடுஞ்சாலையோரத்து ஷூ கம்பெனி ஒன்றில் கைத்தையல் பிரிவில் இருக்கிறாள். கால் வடிவ மரக்கட்டையின்மேல் தோலைப் போர்த்தி, மெழுகு தடவிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஷூவின் மேல்பாகத்தைச் சுற்றிலும் கையாலேயே தைக்கிற வேலை. மணிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி சங்கம் போராடி வாங்கிக் கொடுத்தது. இப்போது கம்பெனி கேட்கிறது: காலையில் வழக்கம்போலத் தைத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு அதே பிரிவுக்குச் சூப்பர்வைசராக இருக்கிறாயா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இது போதும். கதை இங்கேதான் தொடங்குகிறது.

3

ஆனால் அதற்கு முன் அந்தப் பிரிவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒருத்திக்கு உடம்பு முடியாத நாளில், அவள் எழுந்து வெளியே போய் வருவதற்குள், அவள் வேலைத் தட்டில் தைத்து முடித்த ஜோடி ஒன்றிரண்டு கூடியிருக்கும். யார் வைத்தது என்று கேட்கக் கூடாது. நன்றி சொல்லவே கூடாது. ஒருத்தி வேலையை இன்னொருத்தி செய்வது கம்பெனி விதிக்கு விரோதம். வாய் திறந்து நன்றி சொன்னால் அது காட்டிக் கொடுப்பதாகிவிடும்.

மேரி புதிதாகச் சேர்ந்தபோது இது அவளுக்குத் தெரியாது. ஷைனி அப்போது கைக்குழந்தை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சலடித்த ஒரு நாள், அவள் வெளியே போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்தாள். தட்டைப் பார்த்தாள். பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வஜீதாவிடம் வாய் நிறையச் சொன்னாள்: "ரொம்ப தாங்க்ஸ்க்கா! நீங்க இல்லன்னா இன்னிக்கு நான் செத்தேன்."

அன்றைய சூப்பர்வைசர் பின்னால் நின்றிருந்தார்.

அவர் வஜீதாவை ஜன்னலோரத்திலிருந்து எழுப்பி, தூணுக்குப் பின்னாலிருக்கும் உள்வரிசைக்கு அனுப்பினார். "உண்மை பேசினதுக்கு" என்று மேரியை ஜன்னலோரத்தில் உட்கார வைத்தார். இன்றைக்கும் அங்கே உட்கார்ந்துதான் மேரி தைக்கிறாள்.

(இந்த இடத்தில் நன்றியைப் பற்றி அழகான வாக்கியம் ஒன்று எழுதினேன். படிக்கிறவர்கள் அடிக்கோடு போடுவார்கள் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த வாக்கியத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.)

கறுப்புத் தோலைக் கறுப்பு நூலால் தைத்துப் பார்த்தால்தான் ஜன்னலின் அருமை தெரியும். ட்யூப் லைட்டில் தன் கையின் நிழலே ஊசி போகும் துளையை மறைக்கும். வஜீதாவுக்கு இப்போது பார்வை மங்கிவருகிறது. காலையில் சமாளித்துவிடுகிறாள். மத்தியானத்துக்கு மேல் கண் களைத்து, முடிக்க வேண்டிய ஜோடி எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. மற்ற பெண்கள் தட்டை நிரப்பியும் போதவில்லை. இப்படியே போனால் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். பேக்கிங் ஒப்பந்த வேலை. அங்கே சங்கம் கிடையாது. என்றைக்கு வேண்டுமானாலும் நாளை முதல் வராதே என்று சொல்லலாம்.

"நீங்க ஜன்னலுக்கு வந்துடுங்கக்கா" என்று மேரி பலமுறை கேட்டிருக்கிறாள்.

"எடம் மாத்தறது சூப்பர்வைசர் வேலை. நீ உன் கட்டையப் பாரு" என்பாள் வஜீதா.

4

கோவிந்தசாமி பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. சங்கச் செயலாளரான அவரை முதல் பிரதியில் வில்லனாக்கி, முறுக்கு மீசையும் வைத்திருந்தேன். அவரைப் போய்ப் பார்த்தபின் முதலில் மீசையை எடுத்தேன். பிறகு வில்லத்தனத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. கேட் எதிரே டீக்கடையில் அவர் மேரியிடம் பேசியது இதுதான்:

"இன்னா மேரிம்மா, காலைல ஜிந்தாபாத், மத்தியானம் முர்தாபாத்தா?"

"நீங்க வேற ஏண்ணா..."

"இல்ல, அரை ஆளுக்கு அரை சந்தா வாங்கணுமா, முழுசா வாங்கணுமா? நம்ம விதியில அதப் பத்தி ஒண்ணுமே இல்லயே!"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மேரியும் சிரித்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சிரிப்பு கெடக்கட்டும். காலைல உன்ன ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னா நான் கேட்ல வந்து நிப்பேன். மத்தியானம் உன்ன வேணாம்னு தூக்கிட்டா, என்னால வர முடியாது. அப்போ நீ எங்காளு இல்ல. இதத் தெரிஞ்சிக்கினு முடிவு பண்ணு."

"நான் மாட்டேன்னு சொன்னா யாருண்ணா வருவாங்க?"

"ராணிப்பேட்டைலேர்ந்து ஒருத்தன். எண்ணிக்க கம்மின்னா மூஞ்சியப் பாக்க மாட்டான்."

மேரி குனிந்து கிளாஸைப் பார்த்தாள். கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவர் எழுந்து போகும்போது கடைக்காரரிடம், "அந்தம்மாக்கு வேறொண்ணு சூடா போடுப்பா" என்றார்.

ஒரு வில்லன் இந்த இரண்டாவது டீயைச் சொல்லியிருக்க மாட்டான். கதைக்கு இது இடைஞ்சல்தான். இருந்தாலும் அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

5

கம்பெனி வளாகத்தில் ஒரு புங்கமரம் உண்டு. கைத்தையல் பெண்கள் அதனடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சூப்பர்வைசர்கள் ஸ்டாஃப் கேன்டீனில் சாப்பிடுவார்கள். ஷைனி கேட்ட இரண்டு பக்கங்கள் இவைதான்.

"நான் சூப்பர்வைசர் ஆயிட்டா இங்க உக்கார உடுவீங்களாக்கா?" என்று மேரி கேட்டாள்.

"அங்க ஃபேன் இருக்குது, நாற்காலி இருக்குது" என்றாள் வஜீதா. "இங்க இன்னா இருக்குது? எறும்பு."

"நெசமா கேக்கறேன்க்கா."

வஜீதா தன் டப்பாவிலிருந்த கத்தரிக்காயை எடுத்து மேரியின் சோற்றில் வைத்தாள். "ஒரு தடவ என்னையும் கேட்டாங்க, தெரியுமா? நீ வர்றதுக்கு முன்னாடி. இந்தப் பேஜாரெல்லாம் எதுக்குன்னு நான் மாட்டேன்னுட்டேன். அப்புறம் வெளியேர்ந்து ஒருத்தன் வந்தான். அவன் இன்னா பண்ணான்னு உனக்கே தெரியும்."

மேரி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"சேருன்னு சொல்லல. சேராதன்னும் சொல்லல" என்றாள் வஜீதா. "சேந்தா தலையக் குனிஞ்சிக்கினு நடக்காத. அவ்ளோதான். ஆனா எங்ககிட்ட ஒரு தடவ கத்துன, கத்தரிக்கா கட்!"

வட்டம் முழுக்கச் சிரிப்பு. எனக்குத் தெரிந்து மேரி முடிவெடுத்தது அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கத்தரிக்காயைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்தாள், அவ்வளவுதான்.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ) மேரி மறுத்துவிடுகிறாள். பெண்கள் கைதட்டுகிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் மறுநாள் ராணிப்பேட்டைக்காரர் வந்துவிடுகிறார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் வஜீதா தூணுக்குப் பின்னால்தான் இருக்கிறாள்.

ஆ) மேரி ஒப்புக்கொள்கிறாள். மெல்ல மெல்லக் கத்தப் பழகுகிறாள். ஒரு நாள் வஜீதாவின் பெயரைத் தானே பேக்கிங்குக்கு எழுதி அனுப்பு— இல்லை, என்னால் முடியவில்லை. இதுதான் நிஜ வாழ்க்கை என்று சிலர் சொல்வார்கள். கூலியில்லாமல் பிறர் தட்டை நிரப்பும் கைகளும் அதே வாழ்க்கையில்தான் இருக்கின்றன. நான் அவற்றின் பக்கம்.

இ) முதலாளி மனம் மாறி, சுவர் முழுக்க ஜன்னல் வை— நான் இந்த ஊரில் வெகுகாலமாக இருக்கிறேன். இதையும் அடித்துவிட்டேன்.

ஷைனியிடமே யோசனை கேட்டேன். "எப்டி வேணா எழுதுங்க மிஸ். எங்கம்மாவ அழ வெக்காதீங்க" என்றாள். இவ்வளவு தெளிவான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

7

ஆகவே திங்கட்கிழமை.

உற்பத்தி மேலாளர் முனீர் அகமதுவின் அறையில் மேரி நிற்கிறாள். அவர் உட்காரச் சொன்னார். அவள் நின்றே பேசினாள்.

"சேர்றேன் சார். ஆனா ரெண்டு விஷயம்."

"முதல் நாளே கண்டிஷனா?"

"முதல் நாள்தான் சார் சொல்லணும். அப்புறம் வாய் வராது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."

"சங்கத்துக் கார்ட நான் திருப்பிக் குடுக்க மாட்டேன். காலைல நான் தொழிலாளிதான். ரெண்டாவது, யார் எந்த எடத்துல உக்காந்து தைக்கணும்ன்றத நான்தான் முடிவு பண்ணுவேன்."

"எண்ணிக்கை கம்மியாச்சுன்னா?"

"ஆவாது சார். ஆச்சுன்னா நீங்க என்னைத்தான் கேக்கணும். வேற யாரையும் கேக்கக் கூடாது."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். "சரி. இன்னிக்கு சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிங்க."

(இவரையும் நல்லவராக்கிவிட்டேனே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அவருக்கு எண்ணிக்கை வேண்டும். அவ்வளவுதான் அவர் ஒப்புக்கொண்டது. மத்தியானங்களில் மேரிக்குச் சங்கத்தின் பாதுகாப்பு கிடையாது என்பதும் அப்படியேதான் இருக்கிறது. கோவிந்தசாமி சொன்னதை நான் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை.)

8

சாப்பாட்டு மணி அடிக்கிறது. பெண்கள் டப்பாக்களோடு புங்கமரத்துக்குப் போகிறார்கள். வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வஜீதா தன் துப்பட்டாவை அதன்மேல் போட்டு வைத்திருக்கிறாள், வேறு யாரும் உட்காராதபடி. ஸ்டாஃப் கேன்டீனிலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதுவும் காலி.

ஷைனி, உன் கேள்விக்கு வந்துவிட்டேன். மணிக்கூலி இந்த அரை மணிக்குக் கிடையாது. சூப்பர்வைசர் வேலை இன்னும் தொடங்கவில்லை. இந்த நேரத்தில் உன் அம்மாவுக்கு உத்தரவிட யாரும் இல்லை. அவள் உத்தரவிடவும் யாரும் இல்லை.

ஆளில்லாத கைத்தையல் பிரிவில் மேரி மட்டும் இருக்கிறாள். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுகிறது. அவள் முதலில் தன் மரக்கட்டையையும் மெழுகையும் எடுத்துக்கொண்டு போய்த் தூணுக்குப் பின்னால் வைக்கிறாள். இனிமேல் காலையில் அவள் உட்காரப்போவது அங்கேதான். பிறகு குனிந்து, வஜீதாவின் கட்டையை, கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகிவிட்ட அந்தக் கட்டையை, இரண்டு கையாலும் தூக்கி—

இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. அந்தப் பிரிவின் வழக்கப்படி இது யாரும் பார்க்காமல் நடக்க வேண்டும். எழுதினால் நான் சாட்சி ஆகிவிடுவேன். படித்தால் நீங்களும் சாட்சி. வாருங்கள், நாமும் புங்கமரத்தடிக்குப் போய்விடுவோம். கடவுள் பார்த்துக்கொள்வார். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

மணி அடித்ததும் மற்றவர்களோடு நீங்களும் உள்ளே போங்கள். வஜீதா தூணருகே போய்த் திகைத்து நிற்பாளா, ஜன்னலைப் பார்த்ததும் என்ன செய்வாள், அவள் ஊசி மத்தியானத்திலும் துளை தவறாமல் போகுமா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யார் மாற்றி வைத்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மேரியைப் பார்த்தால், தயவுசெய்து, நன்றி சொல்லிவிடாதீர்கள்.