பழுப்பனின் தலைக்கயிறு

குதிரையேற்ற முகாமுக்கு மகள் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஓயுன் அவளுடைய காலுறைகளைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். போன பனிக்காலம் மந்தையை வழித்துத் துடைத்துக்கொண்டு போனதும் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் வந்து விழுந்த குடும்பம் அது. குதிரைக்காரன் மகள் குதிரையேறப் பள்ளிக்கூடத்து இலவச முகாமுக்குப் போகிறாள். இந்தக் கேவலத்தை எங்கே போய்ச் சொல்வது?

"அம்மா, நம்ம பழுப்பன், மாமா வீட்டுலதானே நிக்கிறான்?" மழைச்சட்டைக்காகப் பெட்டியைக் குடைந்துகொண்டே ஒன்பது வயது நோமின் கேட்டாள்.

"ஆமாடி. எத்தனை தடவ கேப்ப?"

"அப்போ இது ஏன் இங்க கிடக்குது?"

அவள் கையில் குதிரை பழுப்பனின் தலைக்கயிறு. குதிரையை இரவல் கொடுத்தால் கயிறும் கூடவே போகும். விற்றால்தான், வீட்டு அதிர்ஷ்டம் போய்விடக் கூடாதென்று கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். அது நோமினுக்கும் தெரியும்.

"வித்துட்டீங்களா?"

ஓயுன் கணவனைப் பார்த்தாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மாமா வீட்டில் விட்டிருப்பதாக அளந்தவன் அவன். மாட்டிக்கொண்டு முழிப்பவள் இவள்.

நோமினின் முகம் சட்டென்று மலர்ந்தது. "கேம்புக்குத்தானே வித்தீங்க? அதான் என்னைய அங்க அனுப்புறீங்க! திருட்டு அம்மா!" தலைக்கயிற்றைத் துணிகளுக்கு மேலாக வைத்தாள். "இத மோந்து பாத்தா என்னைய அடையாளம் கண்டுக்குவான்."

பழுப்பனை ஏற்றிப்போனது இறைச்சிக்காரனின் லாரி.

ஓயுன் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.